தெக்லாவின் தண்ணீர்

2013 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மிக்கேல்குப்பம் மாதா கோயிலில் பூசை பார்த்துக்கொண்டிருந்த முந்நூற்றுப் பதினேழு பேரில் முதலில் நெற்றி நனைந்தவர் பெயர் சலேத்மேரி. கொத்துவேலைக்குச் சித்தாளாகப் போகும் அவர் முந்தானையால் துடைத்தார், மறுபடி நனைந்தது, கூரையை அண்ணாந்து பார்த்தார், கூரை காய்ந்து கிடந்தது, பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம் சொல்லலாம் என்று திரும்பினார், நாத்தனாரின் உச்சியிலிருந்தும் மூன்று கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு பதினைந்துக்குள் கைக்குழந்தை முதல் கைத்தடி ஊன்றியவர் வரை அத்தனை பேரும் நனைந்துவிட்டார்கள். பங்குச்சாமியார் தார்சியுஸ் பூசையை நிறுத்தவில்லை, பாதியில் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். வாசகம் படித்துக்கொண்டிருந்த வேதியர் பங்கிராஸ் மட்டும் புத்தகத்தின் மேல் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, அதைக் கையை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு மீதியைப் படித்து முடித்தார். வேதியர் என்பது சாமியார் இல்லாத நாளில் ஜெபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்தவும், ஞானஸ்நானப் பதிவேடு எழுதவும் கோயில் வைத்திருக்கும் ஆள். பங்கிராஸ் முப்பத்தாறு வருஷமாக அந்த ஆள்.

மத்தியானத்துக்குள் ஊர் விஷயத்தைப் புரிந்துகொண்டது. ஒவ்வொருவர் நெற்றியிலும் இறங்கியது அவரவர் ஞானஸ்நானத்தன்று தலையில் ஊற்றிய அதே தண்ணீர். ஏரி வற்றிய வருஷத்துப் பிள்ளைகளுக்குச் செம்மண் கலங்கலாக வந்தது, புயல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு மழைத்தண்ணீர் தெளிவாக வந்தது, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு அங்கே போய் ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் உப்புக் கரித்தது. பிறந்தவுடன் மூச்சு நின்றுபோக, மருத்துவச்சி கைக்கு எட்டியதை அள்ளி அவசர ஞானஸ்நானம் கொடுத்துப் பிழைத்த செங்கோல் என்பவருக்கு அரிசி களைந்த தண்ணீர் இறங்கியது, அவர் போகுமிடமெல்லாம் கோழிகள் பின்னால் போயின. பூசையை விட்டுப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் ஏரியில் முழுக்கு வாங்கிய இரண்டு குடும்பத்துக்கும் நெற்றியோடு நிற்கவில்லை, தலை முதல் கால் வரை நனைந்தார்கள். முதல் இரண்டு நாள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவர்களை யாரும் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை.

“முழுக்குதான் சரியான முழுக்குன்னு சண்டைக்கு வருவியே சிமியோன், இப்ப எங்க படுக்கற?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

“கயித்துக் கட்டில்ல,” என்றார் சிமியோன், “தண்ணி தானா கீழ போயிடுது.”

பத்து நாளில் ஊர் பழகிக்கொண்டது. ஆண்கள் தோளில் இரண்டு துண்டு போட்டார்கள். பெண்கள் பவுடர் பூசுவதை விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நோட்டைத் தலைக்கு எட்டாத தூரத்தில் வைத்து எழுதப் பழகினார்கள், அதனால் எல்லார் கையெழுத்தும் ஒரே மாதிரி கோணியது. டவுன் பஸ் கண்டக்டர் மிக்கேல்குப்பம் நிறுத்தத்தில் மட்டும் டிக்கெட்டைக் கையில் கொடுக்காமல் வாயால் சொல்லிவிட்டுப் போனார். சாம்பல் புதனன்று சாமியார் ஒவ்வொரு நெற்றியிலும் சாம்பல் பூசப் பூச அது கரைந்து மூக்கு வழியாக வழிந்து வெள்ளைச் சட்டைகளில் இறங்கியது, முந்நூறு பேரும் கரி அள்ளியவர்கள் போல வீட்டுக்குப் போனார்கள். ஆயர் அனுப்பிய மூன்று சாமியார்கள் இரண்டு நாள் தங்கி, துடைத்தும் முகர்ந்தும் பார்த்து, நான்கு பக்க அறிக்கை எழுதினார்கள். ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரை இடுகிறது என்பது திருச்சபையின் பழைய போதனை, இங்கே அது கண்ணுக்குத் தெரிகிறது என்பதைத் தவிரப் புதிதாக ஒன்றும் இல்லை என்று அதில் இருந்தது.

கண்ணுக்குத் தெரிந்ததுதான் சிக்கல்.

மிக்கேல்குப்பத்தில் எல்லாருக்கும் இரண்டு பெயர். கோயில் பெயர் ஒன்று, காகிதப் பெயர் ஒன்று. பட்டியல் சாதிக்காரர் ஒருவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தால் சட்டம் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ஊர்த்தெரு எடுக்காது, அங்கே அவர் தாத்தா நின்ற இடத்திலேயேதான் நிற்பார். ஆகவே கோயிலில் சூசைராஜாக இருந்தவர் பள்ளிக்கூடத்தில் முருகேசன் ஆனார், சூசைராஜ் மாதா கையில் ஜெபமாலை போட்டார், முருகேசன் சாதிச் சான்று வாங்கினார், இரண்டு பேரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே சோற்றைத் தின்றார்கள். வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு வரும் நாளில் மாதா படம் அரிசி டிரம்முக்குள் போகும், முருகன் காலண்டர் ஆணிக்கு வரும். தெருவுக்கே ஒரு காலண்டர்தான், ஆய்வாளர் ஒரு வீட்டு வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் பின்ஜன்னல் வழியாக அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அந்த வாரச் சனிக்கிழமை எல்லாரும் வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனத்தில் இதையே சொல்வார்கள், சாமியாரும் எல்லாருக்கும் ஒரே அபராதம் கொடுப்பார், மூன்று அருள் நிறை மரியே ஜெபம். இப்படி நாற்பது வருஷம் போனது. காலண்டரை மாட்டலாம், நெற்றியை என்ன செய்வது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் தெக்லாவைப் பற்றி மொட்டைக் கடிதம் போனது. தெக்லாவுக்குக் காகிதப் பெயர் தேன்மொழி, வயது இருபத்து நான்கு, அப்பா சூசைராஜ் இறந்துபோனார், அம்மா மதலைமேரி கரும்பு வெட்டப் போகிறவர். குரூப் ஃபோர் தேர்வை மூன்றாம் தடவை எழுதித் தேறி, இளநிலை உதவியாளர் வேலைக்கு ஆணை வரவேண்டிய வாரத்தில், இந்தப் பெண் இந்து அல்ல, நெற்றியைப் பார்த்தால் தெரியும் என்று யாரோ எழுதிப்போட்டார்கள். பிப்ரவரி 26 அன்று விசாரணைக்கு வரும்படி அவளுக்கும், பதிவேட்டோடு வரும்படி பங்கிராசுக்கும் தாலுகா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தெக்லாவை ஞானஸ்நானத் தொட்டியின் மேல் கையில் ஏந்திப் பிடித்த ஞானத்தகப்பனும் பங்கிராஸ்தான்.

மதலைமேரி மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வேதியர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

“இன்னாண்ணே சொல்லப் போறீங்க ஆபீஸ்ல?”

“இருக்கறதத்தான் சொல்லணும்.”

“லியோவுக்குச் சொன்னீங்களே, அதுவா?”

பங்கிராஸ் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். லியோ அவர் மகன். ஊரில் எல்லாரும் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் வைத்தபோது, வேதியர் வீட்டிலேயே பொய் எழுதினால் ஞானோபதேசத்தை எந்த வாயால் நடத்துவது என்று பங்கிராஸ் மகனுக்கு ஒரே பெயரும் ஒரே மதமும் எழுதினார். சாதிச் சான்று இல்லாததால் பதினோரு வருஷத்துக்கு முன் லியோவுக்கு நான்கு மதிப்பெண்ணில் பொறியியல் கல்லூரி கைநழுவிப் போனது, அதே தெருவில் அவனைவிடக் குறைவாக வாங்கிய இரண்டு பேர் சேர்ந்தார்கள். திருப்பூருக்குச் சாயப்பட்டறை வேலைக்குக் கிளம்பிய அன்று லியோ அப்பா முன்னால் வந்து நின்றான். “நீ உண்மையா இருந்துட்டப்பா. நான் எங்க இருக்கறது?” என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு கிறிஸ்மசுக்கு அவன் அம்மாவுக்குப் பணம் அனுப்பினான், அப்பாவுக்கு ஒன்றும் அனுப்பவில்லை.

“உங்க புள்ளைக்குப் பண்ணினத எம் பொண்ணுக்கும் பண்ணிடாதீங்கண்ணே,” என்றார் மதலைமேரி. “உங்களுக்கு மோட்சம் நிச்சயம், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான் நரகத்துக்கே போறேன். அவ ஆபீசுக்குப் போவட்டும்.”

“மதலை, வாய மூடு.”

“மூடிக்கறேன். கரும்புச் சோகை கிழிச்ச கையி, இதப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

தெக்லா அதுவரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியிலிருந்து இறங்கிய தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் வாடை இருந்தது. அவளுக்கு ஞானஸ்நானம் நடந்த 1989 ஜனவரியில் ஊரில் வாந்திபேதி, கோயில் கிணற்றில் முதல் நாள்தான் மருந்து கொட்டியிருந்தார்கள். அன்று வேறு எந்தப் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் இல்லை, ஆகவே அந்த வாடை ஊரில் அவளுக்கு மட்டும்தான்.

“எனக்கு வேலை வேணும் மாமா,” என்றாள். “நான் யாருன்னு சாமிக்குத் தெரியும்ல? ஆபீசுக்குத் தெரியாட்டி இன்னா?”

பங்கிராஸ் முப்பத்தாறு வருஷமாக நடத்தும் ஞானோபதேசப் புத்தகத்தை மனசுக்குள் புரட்டினார். கடவுள் யார், உன்னை உண்டாக்கியவர் யார், எதற்காக உண்டாக்கினார் என்று வரிசையாகக் கேள்வியும் பதிலும் உள்ள புத்தகத்தில் இது இல்லை.

சனிக்கிழமை மத்தியானம், சாமியார் கிளைக்கிராமத்துக்குப் போயிருந்தபோது, பங்கிராஸ் பூசைச் சாமான்கள் வைக்கும் அறையில் பதிவேட்டை எடுத்து 118ஆம் பக்கத்தைத் திறந்தார். இருபத்துமூன்றாவது வரியில் அவருடைய கையெழுத்திலேயே நீல மையில் தெக்லா, சூசைராஜ், மதலைமேரி, ஞானத்தகப்பன் பங்கிராஸ் என்று இருந்தது. பேனாவால் அடித்தால் தெரியும், பக்கத்தைக் கிழித்தால் எண் காட்டிக்கொடுக்கும். அவர் துண்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து, நெற்றியை அந்த வரிக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு 1952இல் ஊற்றிய குளத்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. முதலில் சூசைராஜ் கரைந்தார், பிறகு மதலைமேரி கரைந்தார், பிறகு அவர் பெயரே கரைந்தது, தெக்லா என்ற மூன்றெழுத்து மட்டும் வெகுநேரம் நின்றது, அதற்கு அவர் தலையைச் சற்று நகர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு நீலக் கறை மிஞ்சியது. அதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். அந்தப் பதிவேட்டில் அதற்குள் எல்லாப் பக்கத்திலும் யாராவது ஒருவருடைய சொட்டு விழுந்திருந்தது, ஆகவே சந்தேகம் வராது. இது வசதியாக அமைந்தது என்று நினைத்தார், நினைத்ததற்காக வெட்கப்பட்டார், பதிவேட்டை மூடினார்.

விசாரணை காலை பதினொன்றரைக்கு நடந்தது. அதிகாரி ஐம்பது வயதுக்காரர், கெட்டவர் அல்ல, மேசை மேல் ஒரு டர்க்கி டவலும் கைக்கடிகாரமும் எடுத்து வைத்திருந்தார்.

“உங்க ஊருக்காரங்க வந்துட்டுப் போனா பெஞ்சத் தொடைக்கவே தனியா ஒரு போஸ்ட் வேணும்னு எங்க வாட்ச்மேன் சொல்றாரு,” என்றார். யாரும் சிரிக்காததால் பதிவேட்டைத் திறந்து, 1988, 89ஆம் வருஷப் பக்கங்களை விரலால் தடவிக்கொண்டு வந்தார். “இந்த வரி இன்னாது?”

“தண்ணி பட்டு அழிஞ்சிடுச்சி சார்.”

“உன் நெத்தித் தண்ணியா?”

“எங்க எல்லாருதும்தான் சார்.”

“தேன்மொழின்னு உங்க கோயில்ல யாராவது உண்டா?”

“அந்தப் பேர்ல யாரும் இல்ல சார்.” இது உண்மை. பங்கிராஸ் இதை மூன்று நாளாக யோசித்துத் தயார் செய்து வைத்திருந்தார், இதோடு முடிந்துவிடும் என்று நம்பினார்.

“பேர விடுய்யா. பேர் ஆளுக்கு ரெண்டு வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? இந்தப் பொண்ணத் தெரியுமா? அதச் சொல்லு.”

தெக்லா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு, முக்காடு நெற்றிப் பக்கம் நனைந்திருந்தது. பங்கிராஸ் அவளைப் பார்க்கவில்லை, அதிகாரிக்குப் பின்னால் இருந்த பீரோவைப் பார்த்தார்.

“தெரியாது சார்.”

அதிகாரி தலையசைத்து, பெண் ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு டவலைக் கொடுத்தார். ஊழியர் தெக்லாவின் முக்காட்டை விலக்கி நெற்றியைத் துடைத்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் போனது. நெற்றி காய்ந்தது, காய்ந்தபடியே இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தார்கள். வாட்ச்மேனும் வந்து பார்த்தார். “மொட்டக் கடுதாசி எழுதறவனுக்கு வேற வேல இல்ல,” என்று சொல்லி அதிகாரி கையெழுத்துப் போட்டார், புகார் ஆதாரமற்றது என்று.

திரும்பி வந்த பஸ்ஸில் மதலைமேரியும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள், பங்கிராஸ் பின்னால் உட்கார்ந்தார், தெரியாதவர்கள் சேர்ந்து உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லாமலே மூவருக்கும் தெரிந்திருந்தது. பாதி வழியில் பங்கிராசின் நெற்றித் துண்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் நனைந்தது. பிழிந்தார். பிழிந்த கையை முகர்ந்தார். குளத்துப் பாசி வாடையோடு ப்ளீச்சிங் பவுடர் வாடையும் இருந்தது.

ஏப்ரலில் தெக்லா நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு டவுன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மதலைமேரி கரும்பு வெட்டப் போவதை நிறுத்தினார். ஊர் இதையும் பழகிக்கொண்டது. யாரும் ஏளனம் செய்யவில்லை, செய்ய முடியாது, எல்லார் வீட்டிலும் படிக்கிற பிள்ளை இருந்தது, அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து தெக்லாவின் காய்ந்த நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “எப்பிடிடி ஆச்சு?” என்று ரகசியமாகக் கேட்டார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மாதம் ஒரு ஞாயிறு ஊருக்கு வரும்போது அவள் பஸ் நிறுத்தக் குழாயில் நெற்றியை நனைத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைவாள். குழாய்த் தண்ணீர் பிரசங்கம் முடிவதற்குள் காய்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பார்க்காத மாதிரி பீடத்தைப் பார்ப்பார்கள்.

அந்தக் கிறிஸ்மசுக்கு அவள் பங்கிராசுக்கு வேட்டி எடுத்து வந்தாள்.

“எனக்கு மட்டும் ஏன் மாமா காஞ்சு போச்சு? நீங்க சொன்னதாலயா, நான் சும்மா உக்காந்திருந்ததாலயா?”

“தண்ணிதானம்மா. காயும்.”

“அழியாத முத்திரைன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. நான் கைய கட்டிக்கிட்டு ஒப்பிச்சேன்.” அவள் சிரித்தாள். “ஃபாதர்கிட்ட திரும்ப ஒருவாட்டி குடுக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு ஆளுக்கு ஒருவாட்டிதானாம்.”

பங்கிராஸ் அப்போது நெற்றியை மறைத்து இறுக்கமாகத் தலைப்பாகை கட்டியிருந்தார். கேட்டவர்களுக்கு ஒற்றைத் தலைவலி என்று சொல்லியிருந்தார். அவளுக்கும் அதையே சொன்னார்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்கு முன் வாரம் அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். தார்சியுஸ் சாமியார் கடைசிவரை கேட்டார்.

“அழியாதுன்னு சொல்றோமேய்யா,” என்றார்.

“அழியல சாமி. எங்கிட்ட வந்துடுச்சி.”

“அப்ப அது உன்னுது இல்ல. அவகிட்ட சொல்லு. வேற அபராதம் நான் குடுக்கல. சொல்ற வரைக்கும் நன்மை வாங்காத.”

2014 ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு, காலைப் பூசையில் ஊர் முழுக்க நெற்றி காய்ந்தது. வந்தபோது எப்படி யாரும் காரணம் கேட்கவில்லையோ அப்படியே போனபோதும் கேட்கவில்லை. துண்டுகள் வெயிலில் காய்ந்தன, சிமியோன் மெத்தை வாங்கினார், கோழிகள் செங்கோலை விட்டுவிட்டன. பங்கிராசின் நெற்றியிலும் குளத்துத் தண்ணீர் அன்றே நின்றுபோனது. ப்ளீச்சிங் பவுடர் வாடைத் தண்ணீர் நிற்கவில்லை. அவர் தலைப்பாகையை அவிழ்க்கவில்லை. நன்மை என்னும் திருவப்பம் வாங்க எல்லாரும் வரிசையில் போகும்போது வேதியர் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றதை ஊர் பார்த்தது. முதல் மாதம் கேட்டது, பிறகு கேட்பதை விட்டது.

அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் திரும்ப வாங்கிக்கொள்வாள், வாங்கிக்கொண்டால் நெற்றி நனையும், நனைந்தால் வேலை போகும், ஆகவே சொல்லாமல் இருப்பது அவளுக்காகத்தான் என்று முதல் வருஷம் நம்பினார். இரண்டாம் வருஷம் அந்த நம்பிக்கை தேய்ந்தது. மூன்றாம் வருஷம், அவள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயத்தைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகும் சொல்லவில்லை. மகனுக்கு உண்மையைச் சொல்லிக் கெடுத்தோம், இவளுக்குப் பொய்யைச் சொல்லிக் கெடுத்தோம், நடுவில் ஒரு வழி இருந்திருக்கும், ஞானம் உள்ளவனுக்கு அது தெரிந்திருக்கும் என்று படுக்கையில் மனைவியிடம் ஒருநாள் சொன்னார். மனைவி, “இருந்திருந்தா இந்த ஊர்ல ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிருக்காதா? தூங்குங்க,” என்றார். தலையணை உறையைத் தினம் மாற்றுகிறவர் அவர்தான், அவரும் எதையும் கேட்டதில்லை.

2018 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை பங்கிராஸ் பஸ் ஏறி தெக்லாவின் அலுவலகத்துக்குப் போனார். மனு கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கூட்டம் குறைந்ததும் எழுந்து போய் அவள் மேசை முன் நின்றார்.

“மாமா! இன்னா இவ்ளோ தூரம்? அம்மாவுக்கு ஒன்னும் இல்லியே?”

“உங்கம்மா நல்லாருக்கா. இதப் பாத்துடு.”

தலைப்பாகையை அவிழ்த்தார். தண்ணீர் மூக்கில் இறங்கி, மேசையில் இருந்த மனுக்களின் மேல் சொட்டியது. தெக்லா மனுக்களை நகர்த்தவில்லை. வாடை அவளுக்கு எட்டியது. ஒரு விரலை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டு, அந்த விரலை முகர்ந்து பார்த்தாள்.

“எப்பருந்து?”

“அன்னைக்கு பஸ்லருந்து.”

“அஞ்சு வருஷமா?”

“ம்.”

“நான் மாசா மாசம் பஸ் ஸ்டாப்புக் கொழாயில…” என்று தொடங்கி நிறுத்தினாள். அவள் முகம் மாறியது, கை அவர் நெற்றியை நோக்கி மறுபடி எழுந்தது, எழுந்த கை பாதியில் நின்றது. அறையின் மறுகோடியில் கதவு திறந்திருந்தது.

“சூப்ரண்டு வர்றாரு,” என்றாள். “துண்டக் கட்டிக்குங்க மாமா.”

அவர் கட்டிக்கொண்டார். கண்காணிப்பாளர் வந்து நனைந்த மனுக்களைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார்.

“யாரும்மா இது?”

“பட்டா மாறுதலுக்கு வந்திருக்காரு சார்.”

“தெரிஞ்சவரா?”

“இல்ல சார்,” என்றாள் தெக்லா.

பங்கிராஸ் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். சொல்லியாயிற்று, ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு வருஷத்துக்கு மேல் கழித்து நன்மை வாங்கினார், ஊர் அதையும் பார்த்தது. தெக்லா அதற்குப் பிறகு ஞாயிறுகளில் ஊருக்கு வருவதை நிறுத்தினாள். அம்மாவைப் பார்க்க வார நாளில் வந்தாள். வேதியர் வீட்டுத் தெரு வழியாகப் போகாமல் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். இப்படி மூன்றரை வருஷம்.

2022 மார்ச் 9, புதன்கிழமை, பங்கிராஸ் தமது எழுபதாவது வயதில் இறந்தார். குளிப்பாட்டிக் கோடி உடுத்திய பிறகும் நெற்றி நனைந்துகொண்டே இருந்ததால் பெட்டியில் வைத்த தலையணை இரண்டு முறை மாற்றப்பட்டது. திருப்பூரிலிருந்து லியோ வந்தார். அவர்தான் அப்பாவின் தலைக்கருகில் உட்கார்ந்து துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார், இது என்ன என்று யாரிடமும் கேட்கவில்லை. மாலை நான்கு மணிக்குத் தெக்லா நடுத்தெரு வழியாகவே நடந்து வந்தாள். லியோ எழுந்து இடம் விட்டார். அவள் முந்தானையால் பங்கிராசின் நெற்றியை ஒருமுறை துடைத்தாள், அதற்குப் பிறகு அது நனையவில்லை. அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் லியோ திருப்பூருக்குக் கிளம்பும்போது, “ஆபீஸ் வேலயெல்லாம் உனக்குத்தான் தெரியும், சர்டிபிகேட்டுக்கு எழுதிக் குடுத்துடு தெக்லா,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் எழுதிக் கொடுத்தாள். இறப்பைப் பதியும் படிவத்தில் தகவல் தருபவர் என்ற இடத்தில் தேன்மொழி, இளநிலை உதவியாளர் என்றும், இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் ஞானமகள் என்றும் நீல மையில் எழுதியிருந்தது. அந்தப் படிவத்தின் நகலை யாரோ பெயரில்லாத மனுவோடு சேர்த்து மேலே அனுப்பினார்கள்.

2022 ஏப்ரல் 18, திங்கட்கிழமை, சாதிச் சான்று குறித்து பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தரும்படி தேன்மொழிக்குக் குறிப்பாணை வழங்கப்பட்டது. பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து சூ. தெக்லா என்று இருந்தது.